மழைத்தண்ணீரில் கழுவியும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி

மொட்டைமாடியில் விழும் மழைத்தண்ணீரை டேங்கில் பிடித்துக் கழுவியும் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கிறது, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 45 காட்டுகிறது என்கிறீர்கள். குறை மழையில் இல்லை சார், மாடியில். சிமென்ட் தளத்தின் சுண்ணாம்பு கரைந்து வருகிறது. திறந்தவெளியில் வாளி வைத்து நேராகப் பிடித்து அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். தகரக் கூரை இருந்தால் அதிலிருந்தே பிடியுங்கள்.

மழை தொடங்கியதும் வரும் முதல் தண்ணீரைக் கட்டாயம் கழித்துவிடுங்கள்: 100 சதுர மீட்டர் மாடிக்கு முதல் 1 மி.மீ. மழை, அதாவது 100 லிட்டர். நெடுநாள் வெயிலுக்குப் பிறகு 200கூடப் போகட்டும்.

பிறகு 5 மைக்ரான் ஃபில்டர், அடுத்து டிஐ ரெசின் (கரைந்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்). டிடிஎஸ் 45-க்கு ஆர்ஓ வேண்டாம், தண்ணீர்தான் வீண். ரெசினைத் தாண்டி வரும் தண்ணீரின் டிடிஎஸ் 10-ஐத் தொட்டால் ரெசினை மாற்றிவிடுங்கள். டேங்க் கறுப்பாக இருக்கட்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி, ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். மோட்டார் உறிஞ்சும் குழாய் அடியிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கட்டும், வண்டல் ஏறாது.