பையன் காலேஜ் பேஸ்பால் கோச் ஆகணும்ங்கறான், விடலாமா?

கேள்வி: சார், நாங்க 20 வருஷமா டல்லாஸ் பக்கம் இருக்கோம். பையன் ஒரு டிவிஷன் 3 காலேஜ்ல மேத்ஸ் படிக்கறான், பேஸ்பால் டீம்ல கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி), இந்த மே மாசத்தோட டிகிரி முடியுது. சாஃப்ட்வேர் வேலைக்கு அப்ளை பண்ணுடானு சொன்னா அசிஸ்டன்ட் கோச் ஆகப்போறேன்னு நிக்கறான். கைல ரெண்டு ஆஃபர் இருக்கு. ஒரு டிவிஷன் 2 காலேஜ்ல கிராஜுவேட் அசிஸ்டன்ட், மாஸ்டர்ஸுக்கு ஃபீஸ் கிடையாது, கொஞ்சம் ஸ்டைபண்ட் தருவாங்களாம். இன்னொன்னு பெரிய டிவிஷன் 1 டீம்ல வீடியோ, டேட்டா பாக்கற இன்டர்ன். இதெல்லாம் ஒரு கரியரா? எதை எடுக்க சொல்றது? நானே அந்த ஹெட் கோச்சுக்கு ஒரு போன் போட்டு பேசிடவா?

பதில்: கடைசி கேள்விக்கு கடைசியா வரேன் சார், அதுதான் இருக்கறதுலயே முக்கியமான கேள்வி.

நான் கோச் இல்ல, ஒரு யுனிவர்சிட்டி அத்லெடிக்ஸ் ஆபீஸ்ல கம்ப்ளையன்ஸ் வேலை, அதாவது என்.சி.ஏ.ஏ (காலேஜ் விளையாட்ட நடத்தற அமைப்பு, டிவிஷன் 1 பெருசு, 3 சின்னதுனு காலேஜுங்கள பிரிக்கறது இவங்கதான்) ரூல் புக்க வச்சுக்கிட்டு கோச்சுங்க பின்னாடியே சுத்தற வேலை, 11 வருஷம் பாத்தவன். எத்தனையோ அசிஸ்டன்ட்டுங்க வந்ததையும் பார்த்தேன், ஜூன் மாசம் பெட்டி கட்டினதையும் பார்த்தேன். அதனால சொல்றேன், இது கரியர்தான், சந்தேகமே வேணாம், ஆனா முதல் ஆறேழு வருஷம் நம்ம வீட்டு கணக்குல இதுக்கு "வேலை"னு பேர் வைக்க மனசு வராது.

காசுல இருந்து ஆரம்பிக்கறேன், உங்க கவலை அங்கதான் இருக்கும். 2023 ஜூன் வரைக்கும் டிவிஷன் 1 பேஸ்பால்ல ஒரு ஹெட் கோச், சம்பளம் வாங்கற ரெண்டு அசிஸ்டன்ட், அதுக்கு மேல ஒரு "வாலன்டியர்" கோச், அவ்ளோதான் அனுமதி. வாலன்டியர்னா ஏதோ வாரக் கடைசில வந்து உதவி பண்ற மனுஷன்னு நினைச்சுடாதீங்க, முழு நேர வேலை, மத்த ரெண்டு பேர் எத்தனை மணி நேரம் நிக்கறாங்களோ அத்தனை மணி நேரம் இவரும் நிக்கணும், ஆனா காலேஜ் அவருக்கு சம்பளம் கொடுக்கக்கூடாதுனு ரூலே போட்டு வச்சிருந்தாங்க. எப்படி பொழச்சாங்கனா கோடைல நடக்கற சின்ன பசங்க கேம்ப்ல கிடைக்கற பணம், ஊர்ல பிரைவேட் கோச்சிங், பல பேருக்கு பொண்டாட்டி சம்பளம். இதுல வேடிக்கை என்னன்னா 1992லயே இதே மாதிரி ஒன்னு பண்ணி மாட்டினவங்கதான் இந்த என்.சி.ஏ.ஏ-காரங்க. "ரெஸ்ட்ரிக்டட் எர்னிங்ஸ் கோச்"னு ஒரு பதவி வச்சு வருஷத்துக்கு 16,000 டாலருக்கு மேல சம்பளம் கூடாதுன்னாங்க, கோச்சுங்க கோர்ட்டுக்கு போய் ஜெயிச்சாங்க, 1999ல 54.5 மில்லியன் டாலர் கட்டி முடிச்சாங்க. அப்புறமும் பேர மாத்தி வாலன்டியர்ங்கற பேர்ல ஓட்டிட்டிருந்தாங்க. 2022ல மறுபடி ரெண்டு முன்னாள் வாலன்டியருங்க கலிபோர்னியால கேஸ் போட்டாங்க, பேஸ்பால் வாலன்டியருங்களுக்கு மட்டும் 49 மில்லியன் டாலருக்கு மேல செட்டில்மென்ட். அதுக்கு நடுவுலயே 2023 ஜூலை 1ல இருந்து அந்த பதவிய எடுத்துட்டு மூணு அசிஸ்டன்ட்டுக்கும் சம்பளம் தரலாம்னு ரூல மாத்திட்டாங்க.

தரலாம், அவ்ளோதான், தரணும்னு இல்ல. பெரிய பணக்கார காலேஜ்ல மூணாவது அசிஸ்டன்ட்டும் நல்லா வாங்கறார், சின்ன காலேஜ்ல அதே சீட்டுக்கு வீட்டு வாடகை கட்டினா மீதி இருக்காது. எஸ்.இ.சி கான்ஃபரன்ஸ் (தென் மாநில பெரிய காலேஜுங்க சேந்த லீக்) மாதிரி இடத்துல ஒரு பேர் வாங்கின பிட்சிங் கோச் (பந்து போடறவங்களுக்கான கோச்) வருஷத்துக்கு லட்சக்கணக்குல டாலர் எடுக்கறார், டிவிஷன் 2 கிராஜுவேட் அசிஸ்டன்ட் ஸ்டைபண்ட் சில ஆயிரம் டாலர்தான், ஜூனியர் காலேஜ்ல (ரெண்டு வருஷ காலேஜ்) சில பேருக்கு ஹாஸ்டல்ல ஒரு ரூமும் மெஸ் சாப்பாடும் கொடுத்து அதையே சம்பளத்துல பாதின்னு சொல்லுவாங்க. அரசு யுனிவர்சிட்டிங்க சம்பளம் பொது ஆவணம்ங்கறதால பல ஸ்டேட்ல பேர போட்டு தேடினாலே வந்துடும், உக்காந்து பாருங்க, ஒரு மணி நேரத்துல உங்களுக்கே படம் புரிஞ்சிடும். டிவிஷன் 1ல சுமாரா 300 டீம், டீமுக்கு மூணு அசிஸ்டன்ட்னா மொத்த நாட்டுக்கும் 900 சீட்டு பக்கம்தான். கீழ டிவிஷன் 2, 3, என்.ஏ.ஐ.ஏ (சின்ன காலேஜுங்களோட தனி அமைப்பு), ஜூனியர் காலேஜ்னு சேத்தா ஆயிரத்துக்கு மேல டீம் இருக்கு, உங்க பையன் ஏறப்போற படி அங்கதான்.

சரி, நாள் பூரா என்னதான் பண்ணுவாங்க? கிரிக்கெட் பாத்து வளந்த நமக்கு கோச்னா நெட்ஸ் ஓரமா கைய கட்டிட்டு நிக்கறவர். இங்க அசிஸ்டன்ட் காலைல வந்து மழை பேஞ்சிருந்தா கிரவுண்ட் தார்ப்பாய இழுக்கணும், பிட்சர் நிக்கற மேட்ட களிமண் போட்டு சமன் பண்ணணும், தோள் வலிக்க வலிக்க பேட்டிங் பிராக்டிஸுக்கு பந்து போடணும், ஃபங்கோ பேட்டால (பிராக்டிஸுக்குனே இருக்கற லேசான பேட்) தரையோட உருண்டு போற பந்தா அடிச்சிட்டே இருக்கணும், சாயங்காலம் எதிர் டீம் வீடியோ. டிராக்மேன், ராப்சோடோ மாதிரி மெஷின் கொடுக்கற பந்து சுழற்சி, வேகம், பேட்ல பட்டு போற வேகம் எல்லாத்தையும் படிச்சு, அத 19 வயசு பையனுக்கு புரியற மாதிரி ரெண்டே வார்த்தைல சொல்லணும். அந்த ரெண்டு வார்த்தைதான் சார் திறமை, நம்பர் யார் வேணா எடுத்துடுவாங்க, உங்க பையன் மேத்ஸ் படிச்சது இங்க நிஜமாவே உதவும்.

இன்னொன்னு. பெரிய லீக்ல (மேஜர் லீக், ப்ரொஃபெஷனல் பேஸ்பால்) எந்த பந்து போடறதுனு கேட்சரும் பிட்சரும்தான் பெரும்பாலும் முடிவு பண்ணுவாங்க, காலேஜ்ல டக்அவுட்ல (டீம் உக்கார்ற இடம்) இருந்து கோச்தான் ஒவ்வொரு பந்தையும் சொல்றார், முன்னாடி கை சைகை, மணிக்கட்டுல நம்பர் அட்டை, 2022 சீசன்ல இருந்து காதுல ஒருவழி ஸ்பீக்கருக்கும் அனுமதி. ஒரு மேட்ச்ல 130, 140 பந்து, அத்தனையும் ஒருத்தர் மண்டைல இருந்து வருது. கேட்சரா இருந்தவங்க இந்த வேலைக்கு சட்டுனு பொருந்திடுவாங்க, நாலு வருஷம் அந்த இடத்துல குத்த வச்சு உக்காந்து பேட்ஸ்மேன் காலையும் கையையும் பாத்தவங்க இல்லையா.

ஆனா வேலைய வாங்கிக்கொடுக்கறதும் காப்பாத்தறதும் ரெக்ரூட்டிங், அதாவது நல்ல ஆட்டக்காரங்கள தேடிப் பிடிச்சு டீமுக்கு கொண்டு வரது. ஹை ஸ்கூல் பையன்கிட்ட ஜூனியர் வருஷத்துக்கு (11ம் கிளாஸ்) முந்தின ஆகஸ்ட் 1 வரைக்கும் டிவிஷன் 1 கோச் ரெக்ரூட்டிங் பத்தி பேசவே கூடாது, அன்னிக்கு நடுராத்திரி 12 மணிக்கு போன எடுத்து வரிசையா மெசேஜ் தட்டற கோச்சுங்கள நான் பாத்திருக்கேன். கோடை முழுக்க ஜார்ஜியா, ஃப்ளோரிடா, அரிசோனானு டோர்னமென்ட், கார்லயே சாப்பாடு. இப்ப டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற நினைக்கற ஆட்டக்காரங்க பேர் போடற லிஸ்ட்) வேற, ஸ்கூல் பசங்கள தேடறது பாதி வேலை, மத்த காலேஜ்ல இருந்து வரவங்கள பிடிக்கறதும் நம்மாளு ஓடிப்போகாம பாத்துக்கறதும் மீதி. 2025ல வந்த ஹவுஸ் செட்டில்மென்ட்டுக்கு (ஆட்டக்காரங்க என்.சி.ஏ.ஏ மேல போட்ட கேஸ்ல வந்த சமரசம்) அப்புறம் அதுல சேந்த காலேஜுங்களுக்கு டீம் மொத்தத்துக்கும் 11.7 ஸ்காலர்ஷிப்ங்கற பழைய உச்சவரம்பு போயிடுச்சு, பதிலா 34 பேருக்கு மேல டீம்ல கூடாது. இடம் குறைஞ்சா தேர்வு தப்பக்கூடாது, அதனால ஆள் பாக்க தெரிஞ்ச அசிஸ்டன்ட்டுக்கு மவுசு ஏறிடுச்சு.

மேல போனவங்க கதைல ஒன்னு கவனிங்க. வெஸ் ஜான்சன்னு ஒருத்தர், ஆர்கன்சால ஹை ஸ்கூல் கோச்சா ஆரம்பிச்சு, டல்லாஸ் பாப்டிஸ்ட் (உங்க ஊர்தான்), மிசிசிப்பி ஸ்டேட், ஆர்கன்சானு பிட்சிங் கோச்சா ஏறி, 2018 கடைசில நேரா மின்னசோட்டா ட்வின்ஸ் பிட்சிங் கோச் ஆனார், அது பெரிய லீக். 2022 ஜூன்ல சீசன் நடுவுலயே அத விட்டுட்டு எல்.எஸ்.யூ காலேஜுக்கு திரும்பி வந்துட்டார், எல்லாரும் இவருக்கு என்ன ஆச்சுன்னாங்க. அடுத்த வருஷம் அங்க பால் ஸ்கீன்ஸ்ங்கற பையன் இவர் கைல இருந்தான், ஏர் ஃபோர்ஸ்ல கேட்சராவும் ஆடினவன், எல்.எஸ்.யூ ஓமஹால காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சுது, ஸ்கீன்ஸ் பெரிய லீக் டீமுங்க ஆள் எடுக்கற டிராஃப்ட்ல முதல் ஆளா போனான், ஜான்சன் ஜார்ஜியாவுக்கு ஹெட் கோச்சா போயிட்டார். டோனி விட்டெல்லோவ எடுத்துக்கோங்க, மிசூரி, டி.சி.யூ, ஆர்கன்சானு 15 வருஷம் பக்கம் அசிஸ்டன்ட், 2017ல டென்னசி ஹெட் கோச், 2024ல சாம்பியன், 2025 அக்டோபர்ல பெரிய லீக்ல சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் மேனேஜர் (அங்க ஹெட் கோச்சுக்கு அதான் பேர்). அவர் போன உடனே டென்னசில அந்த நாற்காலில உக்காந்தது யாரு? ஜாஷ் எலாண்டர், அவரோட அசிஸ்டன்ட், அதுக்கும் முன்னாடி விட்டெல்லோ டி.சி.யூல இருந்தப்ப அங்க ஆடின பையன். அதுவும் கேட்சர்! இந்த தொழில் இப்படித்தான் ஓடுது, நீ எந்த ஊர் காலேஜ்ல இருந்தேங்கறத விட யார் பக்கத்துல இருந்தே, அவர் உன்கிட்ட எத நம்பி கொடுத்தார்ங்கறதுதான் அடுத்த வேலைய கொண்டு வருது.

அதனால என் ஓட்டு டிவிஷன் 2க்கு. டிவிஷன் 1 டீம் சட்டை போட்டு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினா நல்லாத்தான் இருக்கும், ஆனா வீடியோ ரூம்ல உக்காந்தவன் களத்துல யாரையும் வளத்ததா காட்ட முடியாது, அந்த மாதிரி பதவில இருக்கறவங்க என்ன கத்துக்கொடுக்கலாம், என்ன கூடாதுங்கற ரூலும் தனி. டிவிஷன் 2ல ஆள் பத்தாது, போன உடனே கேட்சருங்க மொத்தமும் இவன் பொறுப்பு, பாதி பிட்சருங்களும் வந்து சேருவாங்க, ரெக்ரூட்டிங்குக்கும் அனுப்புவாங்க. மாஸ்டர்ஸ் வேற கைல. ஒரே ஒரு விஷயத்துல மட்டும் மாத்தி சொல்லுவேன், அந்த டிவிஷன் 2 ஹெட் கோச்கிட்ட இதுக்கு முன்னாடி இருந்த கிராஜுவேட் அசிஸ்டன்ட்டுங்க இப்ப எங்க இருக்காங்கனு கேக்க சொல்லுங்க, கடைசி நாலு பேர்ல ரெண்டு பேராவது எங்கயாவது முழு நேர கோச்சா இருந்தா கண்ண மூடிட்டு போகலாம், நாலு பேரும் தொழிலையே விட்டுட்டாங்கன்னா யோசிக்கணும்.

கூடவே எழுத்துல வாங்க வேண்டியது: ஃபீஸ் தள்ளுபடி கோடை செமஸ்டருக்கும் உண்டா, ஸ்டைபண்ட் 9 மாசமா 12 மாசமா, கேம்ப் பணத்துல பங்கு எவ்ளோ, ரெக்ரூட்டிங் போற பெட்ரோல் யார் காசு. ஹெல்த் இன்ஷூரன்ஸ் 26 வயசு வரைக்கும் உங்களோடதுலயே இருக்கலாம், அது ஒரு பெரிய நிம்மதி. எனக்கு தெரிஞ்ச ஒரு பையன் வாய் வார்த்தைய நம்பி ஒரு காலேஜுக்கு போய் மே மாசத்தோட ஸ்டைபண்ட் நின்னு போச்சு, கோடை பூரா ஃபிரண்ட் வீட்டு சோஃபால படுத்து ரெக்ரூட்டிங் பண்ணான்.

பயமுறுத்தறதுக்கு இல்ல, ஆனா தெரிஞ்சிருக்கணும், ஹெட் கோச்ச தூக்கினா அசிஸ்டன்ட்டுங்களும் சேந்து போறதுதான் வழக்கம், கான்ட்ராக்ட் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். முப்பது வயசுக்குள்ள நாலு ஊர் மாறுவான், கல்யாணப் பேச்சு எடுக்கறப்ப பொண்ணு வீட்டுக்கு இத மறைக்காம சொல்லிடுங்க. பெட்டிங் பக்கம் தலை வச்சே படுக்கக்கூடாது, அவன் மட்டும் இல்ல, ஃபிரண்டு கேட்டான்னு "இன்னிக்கு எங்க பிட்சர் ஆடலடா"னு ஒரு மெசேஜ் போட்டாலே முடிஞ்சுது. 2023ல அலபாமா ஹெட் கோச் வேலை போனது இப்படி ஒரு உள் தகவல்லதான், அடுத்த வருஷம் 15 வருஷ தண்டனையும் வந்துச்சு.

நாலு வருஷம்னு ஒரு கெடு வைங்க. அதுக்குள்ள சம்பளத்தோட ஒரு அசிஸ்டன்ட் சீட்டு வரலன்னா டெக்சாஸ்ல ஹை ஸ்கூல் வாத்தியார் கம் கோச் வேலை இருக்கு, மேத்ஸ் வாத்தியாருக்கு எப்பவும் தட்டுப்பாடு, பென்ஷனும் உண்டு. அதுக்கு நடுவுல ஒவ்வொரு ஜனவரி ஆரம்பத்துலயும் நடக்கற ஏ.பி.சி.ஏ (பேஸ்பால் கோச்சுங்க சங்கம்) மாநாட்டுக்கு சொந்த காசு போட்டாவது அனுப்புங்க, ஆயிரக்கணக்குல கோச்சுங்க வருவாங்க, வேலை பாதி அந்த ஹோட்டல் லாபிலதான் முடிவாகுது, வெப்சைட்ல விளம்பரம் வரப்ப ஆள் ஏற்கனவே ரெடி.

இப்ப அந்த போன் விஷயம். பண்ணாதீங்க சார். ஈமெயிலும் வேணாம், வாட்ஸப்பும் வேணாம், தெரிஞ்சவர் மூலமாவும் வேணாம். ரெக்ரூட்டிங்ல ஒரு பையன பாக்கறப்பவே அவன் அப்பா கேலரில எப்படி நடந்துக்கறார்னு கவனிக்கற ஆளுங்க இவங்க, வேலைக்கு வர 22 வயசு ஆளோட அப்பா போன் பண்ணார்னா அந்த ஆஃபர் அன்னிக்கே காலி. மேல நான் சொன்ன கேள்வியெல்லாம் பையனே கேக்கட்டும், நீங்க பக்கத்து ரூம்ல இருங்க, கதவ வேணா கொஞ்சம் தொறந்து வச்சுக்கோங்க.