எடை குறைந்த, விலை கூடிய சைக்கிள் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) போட்டால் தாங்குமா? கொடுத்த காசுக்குத் தகுமா?

நானும் ஆசைப்பட்டுப் போட்டேன், ஒன்றரை வருடத்தில் கழற்றிவிட்டேன். அதனால் பதிலில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹப்பைவிட ஜோடிக்கு 120 கிராம் குறைவு, விலையோ மூன்று மடங்கு. 120 கிராம் என்றால் பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர். ரிம்மிலோ டயரிலோ 100 கிராம் குறைத்தால், வேகமெடுக்கும்போது ஏறக்குறைய 200 கிராம் குறைத்த மாதிரி. அந்த எடை முன்னாலும் போக வேண்டும், சுற்றவும் வேண்டும். ஹப் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. ரிம்மின் ஆரத்தில் அதன் ஆரம் பத்தில் ஒரு பங்குதான், கணக்கில் வருவதோ ஆரத்தின் வர்க்கம் என்பதால், சுழற்சியில் கிடைக்கும் லாபம் நூறில் ஒரு பங்குக்கு மேல் தேறாது.

சரி, அந்த 120 கிராமை எங்கிருந்து எடுத்தார்கள்? பேரிங், ஆக்சில், ஃப்ரீஹப் (மிதித்தால் பிடித்து, நிறுத்தினால் சக்கரத்தைத் தனியே சுற்றவிடும் பாகம்). அதாவது பாரம் விழுகிற இடங்கள். 6902 பேரிங்குக்கும் 6802 பேரிங்குக்கும் உள்துளை ஒன்றுதான், 15 மி.மீ. ஆனால் வெளிவிட்டம் முதலாவதில் 28, அடுத்ததில் 24. அகலம் 7, 5. குண்டுகள் சின்னதாகிவிடும், தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். என்னுடையதில் சின்னதுதான் இருந்தது. நவம்பர் மழையில் ஈ.சி.ஆர். வழியே பாண்டிச்சேரி போய்வந்த இரண்டாம் வாரம், சக்கரத்தைக் கையால் சுற்றினால் மணல் அரைக்கிற சத்தம். சீலைத் திறந்தால் கிரீஸ் டீ நிறத்தில் வழிந்தது.

அதுகூடப் பரவாயில்லை, நம்பரைச் சொன்னால் பாரிமுனைப் பக்கம் பேரிங் கிடைத்துவிடும். ஃப்ரீஹப்தான் என்னைச் சோதித்தது. ஒருநாள் கேசட்டை, அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கை, கழற்றப் போனால் தனித்தனியாக நிற்கும் எஃகுப் பல்சக்கரங்கள் அசைய மறுத்தன. செயின் விப் (பல்சக்கரத்தைப் பிடிக்கும் கருவி) மாட்டி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டித் தட்டித்தான் எடுத்தேன். ஃப்ரீஹப்பின் அலுமினிய பாடியில், பல்சக்கரங்கள் உட்காரும் வரிகளில் நகத்தை வைத்தால் உட்காரும் அளவுக்குப் பள்ளம். மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் எஃகு அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்திருக்கிறது. எனக்கு எடை 82 கிலோ, மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிற பழக்கம் வேறு. மாற்று பாடி வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம்.

இதற்காக விலை கூடிய ஹப் எல்லாம் வீண் என்று சொல்லவில்லை. விலையும் எடைக்குறைவும் ஒன்றல்ல. கிறிஸ் கிங் ஹப்புக்குக் காசு அதிகம், ஆனால் எடையில் அது முதலிடம் பிடிக்கப் பார்க்கவில்லை. வருடக்கணக்கில் திறந்து கிரீஸ் போட்டு ஓட்டுகிறார்கள். ஷிமானோ இன்னமும் மேல்தட்டு டியூரா ஏஸில்கூட கோனும் (கூம்பு நட்டு) தனிக் குண்டும் வைத்துத்தான் செய்கிறது. அந்தக் காலத்து வாடகை சைக்கிள் கடையில் ஓவராயில் பண்ணினார்களே, அதே அமைப்புதான். கோன் தேயும் முன் இறுக்கம் பார்த்து கிரீஸ் மாற்றினால் நன்றாக உழைக்கும்.

இப்போது நான் ஓட்டுவது டி.டி. சுவிஸ் 350. அதே கம்பெனியின் 240-ஐவிடக் கொஞ்சம் கனம், விலை நன்றாகவே குறைவு. உள்ளே இரண்டு பல்வளையங்கள் நேருக்கு நேர் கடிக்கும், எல்லாப் பல்லும் ஒரே சமயத்தில். மூன்று நான்கு கொக்கிகளை (pawl) நம்பியிருக்கும் ஹப்பைவிட பாரம் பரவலாக விழும். கையால் இழுத்தாலே மூடி கழன்றுவிடும். துடைத்து, அதற்கான கிரீஸைத் தடவி மூட ஐந்து நிமிடம். 18 பல் வளையத்தில் மிதி பிடிக்க ஃப்ரீஹப் அதிகபட்சம் 20 டிகிரி சுற்ற வேண்டும், 36 பல்லில் 10. ரோட்டில் எனக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

நீங்கள் 60 கிலோவுக்குள் இருந்து, மலையேற்றப் பந்தயத்துக்கென்று தனிச் சக்கரம் கட்டுகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஃப்ரீஹப் பாடியில் எஃகுப் பட்டை பதித்திருக்கிறதா, பேரிங் நம்பர் என்ன, மாற்று பாடி உள்ளூரில் கிடைக்குமா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்விக்குக் கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்தால், நான் பட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.