கல்லூரிக் களத்தில் வென்றவர் என்எஃப்எல்லில் ஏன் தடுமாறுகிறார்? கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி அணிகளை வெற்றிகரமாக நடத்திய பயிற்சியாளர்கள் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் நிலைக்க முடியுமா என்பதைப் பற்றி அன்பர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: கல்லூரித் தேசியப் பட்டத்தையும், என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலையும் வென்ற தலைமைப் பயிற்சியாளர்கள் எத்தனை பேர் ஐயா?

மூன்றே பேர்: ஜிம்மி ஜான்சன், பேரி ஸ்விட்சர், பீட் கேரல். இந்த மூவரையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. ஸ்விட்சர் 1995 பருவத்தில் டாலஸ் கௌபாய்ஸ் அணியுடன் கோப்பையை வென்றார் என்றாலும், அந்த அணியின் தூண்களை நட்டுவிட்டுப் போனவர் அவருக்கு முன்பிருந்த ஜான்சன். கேரல் யூஎஸ்சி பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்பே ஜெட்ஸ், பேட்ரியட்ஸ் என்ற இரண்டு என்எஃப்எல் அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, இரண்டு இடங்களிலும் பதவி இழந்தவர். அந்த அடிகளைப் பட்டபின் கல்லூரியில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, 2010-ல் சியாட்டில் சீஹாக்ஸுக்கு வந்து, 2013 பருவத்தின் சூப்பர் பௌலில் டென்வரை 43-8 என்று வீழ்த்தினார். ஆகவே என்எஃப்எல் அனுபவம் துளியும் இல்லாமல் கல்லூரியிலிருந்து நேராக வந்து, அணியைத் தானே கட்டி எழுப்பி வென்றவர் இம்மூவரில் ஜான்சன் ஒருவரே.

தேசியப் பட்டம் என்ற நிபந்தனையைத் தளர்த்தினால் படம் மாறும். ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த பில் வால்ஷ் சான் பிரான்சிஸ்கோவுக்கு மூன்று சூப்பர் பௌல்களைப் பெற்றுத் தந்தார். யூசிஎல்ஏவிலிருந்து வந்த டிக் வெர்மீல், பாஸ்டன் கல்லூரியிலிருந்து வந்த டாம் காஃப்லின் ஆகியோரும் கோப்பையைத் தொட்டவர்கள். ஆனால் இவர்கள் எல்லோரும் முன்னரே என்எஃப்எல் அணிகளில் உதவிப் பயிற்சியாளர்களாக வேலை கற்றவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: நிக் சேபன் கல்லூரியில் ஏழு தேசியப் பட்டங்கள் வென்றவர். அவரால்கூட மயாமி டால்ஃபின்ஸில் ஏன் நிற்க முடியவில்லை? அவருக்குத் தெரியாத ஆட்டமா?

ஆட்டம் தெரியாதவர் அல்லர். 1990-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியில் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக்கின் கீழ்த் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவருக்கு என்எஃப்எல் புதிய ஊரும் அன்று. ஆனாலும் 2005, 2006 ஆகிய இரண்டு பருவங்களில் அவருடைய கணக்கு 15 வெற்றி, 17 தோல்வி என்று முடிந்தது.

2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு தேர்வை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். டால்ஃபின்ஸுக்கு நல்ல குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர், தேவைப்பட்டது. ட்ரூ பிரீஸ் சந்தையில் இருந்தார். ஆனால் முந்தைய பருவத்தின் கடைசி ஆட்டத்தில் பந்தெறியும் வலது தோள் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அந்தத் தோள் தேறுமா என்பதில் டால்ஃபின்ஸ் மருத்துவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்குப் பதிலாக, முழங்கால் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த டான்ட்டே கல்பெப்பரை மினசோட்டாவிடமிருந்து அணி வாங்கியது. கல்பெப்பர் அந்தப் பருவத்தில் நான்கே ஆட்டங்கள் ஆடினார். பிரீஸோ நியூ ஆர்லியன்ஸுக்குப் போய், 2009 பருவத்தின் சூப்பர் பௌலை வென்றார்.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லி ஒதுக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. கல்லூரியில் சேபனுக்கு ஒரு குவாட்டர்பேக் சரிப்படவில்லை என்றால், அடுத்த ஆண்டு நாட்டின் சிறந்த பள்ளி மாணவர்களில் மூவர் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருடன் உட்கார்ந்து பேசி, அவர்களில் ஒருவரை அழைத்து வந்துவிடுவார். கல்லூரியில் வெற்றி வெற்றியை இழுக்கும். பட்டம் வென்ற அணிக்கே அடுத்த சிறந்த மாணவனும் வருவான். என்எஃப்எல்லின் சட்டம் இதற்கு நேர்மாறானது. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்டில், முந்தைய பருவத்தில் தோற்ற அணி முதலில் எடுக்கும், வென்ற அணி கடைசியில் எடுக்கும். அதற்கு மேல் எல்லா அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. அங்கே ஒரு தவறான தேர்வு இரண்டு மூன்று ஆண்டுகளைத் தின்றுவிடும். சேபனின் மிகப் பெரிய திறமை ஆள் சேர்ப்பது. அந்தத் திறமைக்கு வேலையே இல்லாத இடத்துக்கு அவர் போனார் என்பதே என் கணிப்பு.

கேள்வி: இரண்டும் ஒரே விளையாட்டுதானே? கல்லூரியில் பலித்த தாக்குதல் உத்தி என்எஃப்எல்லில் பலிக்காமல் போவது ஏன்?

ஒரே விளையாட்டுதான், ஆனால் களத்தில் போட்டிருக்கும் கோடுகளே வேறு. இரண்டு களங்களும் 160 அடி அகலம். ஒவ்வொரு நகர்வும் தொடங்கும்போது பந்தை எங்கே வைக்கலாம் என்பதைக் காட்டும் இரண்டு வரிசை ஹேஷ் கோடுகள் நடுவில் இருக்கும். கல்லூரியில் அவற்றின் இடைவெளி 40 அடி. என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. அதாவது கல்லூரியில் பந்து ஒரு ஹேஷ் கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி திறந்து கிடக்கும். வேகமான ஒருவனை அந்த அகலமான பக்கத்துக்கு ஓடவிட்டாலே தற்காப்பு வீரர்கள் திணறிப்போவார்கள். என்எஃப்எல்லில் அகலமான பக்கமே ஏறக்குறைய 89 அடிதான்; அந்தப் பரப்பைக் காப்பவர்களும் நாட்டின் கல்லூரிகளிலிருந்து வடிகட்டி எடுக்கப்பட்ட ஓட்டக்காரர்கள்.

இன்னொரு விதியும் இருக்கிறது. பந்தை வீசுவதற்கு முன் தாக்குதல் வரிசையின் தடுப்பாளர் கல்லூரியில் மூன்று கஜம் முன்னேறலாம், என்எஃப்எல்லில் ஒரு கஜம்தான். ஓடுவதா எறிவதா என்பதை நகர்வின் நடுவே குவாட்டர்பேக் முடிவு செய்யும் உத்திகளுக்கு இந்த இரண்டு கஜம்தான் உயிர். சனிக்கிழமை ஒரு கல்லூரி ஆட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமை ஒரு என்எஃப்எல் ஆட்டத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். வித்தியாசம் கண்முன் தெரியும்.

கேள்வி: நான் ஹியூஸ்டனில் வசிக்கிறேன். என் மகன் பள்ளி அணியில் ஆடுகிறான். அவனுடைய பயிற்சியாளர் மிகக் கண்டிப்பானவர். கல்லூரிப் பயிற்சியாளர்களின் கண்டிப்பு தொழில்முறை வீரர்களிடம் எடுபடாது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் அம்மா, ஆனால் கண்டிப்பு மட்டும் காரணம் அல்ல. காஃப்லின் கண்டிப்புக்குப் பேர்போனவர். ஜயன்ட்ஸில் இரண்டு சூப்பர் பௌல்கள் வென்றார். பதினெட்டு வயது மாணவனுக்கு அவனுடைய உதவித்தொகை, களமிறங்கும் வாய்ப்பு, எதிர்காலம் எல்லாம் பயிற்சியாளரின் கையில் இருப்பதாகத் தோன்றும். முப்பது வயதில் குடும்பமும் ஒப்பந்தமும் தொழிற்சங்கமும் உடைய ஒருவரிடம் அதே குரலில் பேசினால், "இது எனக்கு எப்படி உதவும்?" என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் வைத்திருப்பவரின் கண்டிப்பை அவர்கள் ஏற்கிறார்கள்.

பதில் இல்லாதவர்களின் கதை வேதனையானது. 2007-இல் அட்லான்டா ஃபால்கன்ஸுக்கு வந்த பாபி பெட்ரினோ, 13 ஆட்டங்களில் மூன்றை மட்டும் வென்ற நிலையில், பருவம் முடியும் முன்பே ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். வீரர்களிடம் அவர் விடைபெற்ற விதம், அவர்களுடைய லாக்கர்களில் வைக்கப்பட்ட சில வரிக் கடிதம். காலையில் வந்து அந்தத் தாளைக் கையில் எடுத்த வீரனின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தாலே போதும். கல்லூரியில் மூன்று தேசியப் பட்டங்கள் வென்ற அர்பன் மேயர் 2021-இல் ஜாக்சன்வில்லில் 2 வெற்றி, 11 தோல்வியோடு ஒரே பருவத்தைக்கூட முடிக்காமல் நீக்கப்பட்டார்.

கேள்வி: கௌபாய்ஸில் ஜான்சன் முதல் ஆண்டில் ஒரே வெற்றி, 15 தோல்வி என்று முடித்தாரே. அப்புறம் எப்படி எழுந்தார்?

தன்னிடம் இருந்த மிகச் சிறந்த வீரரை விற்று எழுந்தார். 1989 அக்டோபரில் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, வீரர்களையும் பெருங்குவியலாக டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கினார். அந்த வாய்ப்புகளின் வழியாகத்தான் ஓட்டக்காரர் எம்மிட் ஸ்மித்தும் தற்காப்பு வீரர் டேரன் வுட்சனும் வந்தார்கள். இங்கேதான் அவருடைய கல்லூரி அனுபவம் சுமையாக இல்லாமல் சொத்தாக மாறியது. நேற்றுவரை பள்ளி மாணவர்களைத் தேடி வீடு வீடாக அலைந்தவர், அவர்கள் கல்லூரி முடித்து டிராஃப்ட்டுக்கு வந்தபோது, மற்ற அணிகளைவிட அவர்களை நெருக்கமாக அறிந்திருந்தார். 1991-இல் முதல் தேர்வாக எடுத்த ரசல் மேரிலாந்து, மயாமி பல்கலைக்கழகத்தில் அவரிடமே ஆடியவர். அடுத்த ஆண்டுப் பருவத்திலும் அதற்கடுத்ததிலும் கௌபாய்ஸ் சூப்பர் பௌல் வென்றது. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும், முதல் ஆண்டுத் தோல்வியைப் பொறுத்துக்கொண்ட உரிமையாளரும் அவருக்கு வாய்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: அப்படியானால் முழு அதிகாரம் கொடுத்தால் எல்லோரும் வென்றுவிடுவார்களா?

இல்லை. ஓரிகன் பல்கலைக்கழகத்திலிருந்து பிலடெல்பியா அணிக்கு வந்த சிப் கெல்லி, முதல் இரண்டு பருவங்களிலும் 10 வெற்றி, 6 தோல்வி என்று நன்றாகவே நடத்தினார். 2015-இல் வீரர் தேர்வு அதிகாரம் அவர் கைக்கு வந்தது. 2013-இல் லீகிலேயே அதிக கஜம் ஓடிய லஷான் மெக்காயை விட்டுக்கொடுத்து, ஓரிகனில் தன்னிடம் ஆடிய கிகோ அலான்சோவை வாங்கினார். அந்தப் பருவம் முடியும் முன்பே வேலை போயிற்று.

கேள்வி: இப்போது கல்லூரி வீரர்களுக்கும் பணம் கிடைக்கிறது, விருப்பம்போல் அணி மாறுகிறார்கள். இனி கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு என்எஃப்எல் எளிதாகுமா?

ஓரளவு எளிதாகும் என்று நம்புகிறேன். 2021 முதல் மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியே சுலபமாக வேறு கல்லூரிக்குப் போகலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாக வருமானத்தில் பங்கு தருகின்றன. பல கல்லூரி அணிகள் பொது மேலாளர்களை நியமித்திருக்கின்றன. வீரரை மிரட்டாமல் தக்கவைத்துக்கொள்ளும் கலையையும், வரவு செலவுக்குள் அணியைக் கட்டும் கலையையும் இன்றைய கல்லூரிப் பயிற்சியாளர் தினமும் கற்க வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் மயாமி விமானத்தில் ஏறிய சேபனுக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை.

கேள்வி: இன்றைக்கு ஒரு என்எஃப்எல் அணிக்கு ஆள் தேட வேண்டுமென்றால் கல்லூரியில் யாரைப் போன்றவரைத் தேடுவீர்கள்?

ஜிம் ஹார்பாவைப் போன்றவரை. தானே என்எஃப்எல்லில் குவாட்டர்பேக்காக ஆடியவர். ஸ்டான்ஃபோர்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் நான்கு பருவங்களில் 44 வெற்றி, 19 தோல்வி, ஒரு சமநிலை. ஒரு சூப்பர் பௌலில் தன் அண்ணன் ஜானின் பால்டிமோர் அணியிடம் 34-31 என்று மூன்றே புள்ளிகளில் தோற்றார். பிறகு மிஷிகனுக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்துவிட்டு, முந்தைய பருவத்தில் ஐந்தே ஆட்டங்களை வென்றிருந்த சார்ஜர்ஸுக்கு 2024-இல் போனார். முதல் பருவத்திலேயே 11 வெற்றிகள். தேடுகிறவர் ஒரு பயிற்சியாளரின் பட்டங்களை எண்ணுவதற்கு முன், வளர்ந்த மனிதர்கள் நிறைந்த ஓர் அறையில் முன்பு எப்போதாவது வேலை செய்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.