இரும்புப் பட்டாவும் ஒரு பசுவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் டென்வரில் இருக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகள் வண்டிகளோடு மேற்கே போன ஓரிகன் பாதையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன மாதம் பிள்ளைகளோடு வயோமிங்கில் இருக்கும் கெர்ன்சிக்குப் போனோம். மூன்று மணி நேரப் பயணம். பார்க்கக் கிடைத்தது மணற்பாறையில் ஒரு பள்ளம். கால் மணி நேரத்தில் காருக்குத் திரும்பிவிட்டோம். "இதுக்காகவா வந்தோம்?" என்றான் பன்னிரண்டு வயது மகன். அடுத்து நெப்ராஸ்கா பக்கம் போகலாம் என்கிறார் கணவர். போகலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போய்க் குடியேறிய கதையை இவ்வளவு பெருமையாகப் பேணி வைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகன் கேட்டதில் தப்பில்லை. முதல் தடவை நானும் அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த இடம் எது என்று வரைபடத்தைத்தான் விரித்தேன்.

பாதை என்று சொல்கிறோமே தவிர, அது ஒற்றைச் சாலை இல்லை. மிசௌரியிலிருந்து ஓரிகன் வரை சுமார் 3,200 கிலோமீட்டர். முன்னால் போகும் வண்டியின் புழுதியைத் தின்ன யாருக்குப் பிடிக்கும்? சமவெளியில் வண்டிகள் பக்கவாட்டில் பரந்து போயின. அதனால் பல இடங்களில் தடமே மிஞ்சவில்லை. கெர்ன்சியில் நிலம் அப்படி விடவில்லை. ஏறக்குறைய எல்லா வண்டியும் அதே மேட்டை அதே இடத்தில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. 1841 முதல், கண்டம் கடக்கும் ரயில்பாதை முடிந்த 1869 வரை, சக்கரத்தின் இரும்புப் பட்டாவும் குளம்பும் மனிதக் காலும் சேர்ந்து தேய்த்ததில் சில இடங்களில் பள்ளம் ஐந்தடி ஆழம்.

மகனிடம் இதையும் சொல்லுங்கள். நம் ஊர் வண்டிக்காரர் போல அவர்கள் நுகத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டவில்லை. எருதின் இடப்பக்கமாக நடந்தார்கள். மூக்கணாங்கயிறு கிடையாது, வாய்ச்சொல்தான்: ‘ஜீ’ என்றால் வலம், ‘ஹா’ என்றால் இடம். ஸ்பிரிங் இல்லாத வண்டி, உள்ளே மாவும் பன்றிக்கறியும் சாமானும். அதனால் பெண்களும் பிள்ளைகளும்கூடப் பெரும்பாலும் நடைதான். ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் போனால் நல்ல நாள். நீங்கள் மூன்று மணி நேரத்தில் கடந்த தூரம் அவர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம்.

சரி, நெப்ராஸ்கா. கட்டாயம் போங்கள், கிழக்கேயிருந்து மேற்கே வருகிற மாதிரி. ஆஷ் ஹாலோ பள்ளத்தாக்கில் தொடங்குங்கள். அங்கே விண்ட்லஸ் ஹில் என்ற சரிவில் சக்கரங்களைப் பூட்டி, கயிறு பிடித்து வண்டிகளை இறக்கினார்கள். சிம்னி ராக் என்ற கூரிய பாறைத் தூணைத் தூரத்திலிருந்து பார்த்தாலே போதும், அவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். ஸ்காட்ஸ்பிளஃப் ஊர் அருகே ரெபெக்கா வின்டர்ஸ் கல்லறை இருக்கிறது. 1852 ஆகஸ்ட்டில் காலராவில் இறந்தவர். வழியில் செத்தவர்களின் குழிகள் பெரும்பாலும் அடையாளமில்லாமல் போய்விட்டன. இவருடையது தப்பியதற்குக் காரணம் ஒரு வண்டிப்பட்டா. பட்டாவில் பெயரை வெட்டி, வளைத்து நட்டுவிட்டுப் போனார்கள். கருமான் பட்டறையில் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே கொஞ்ச நேரம் நகர முடியவில்லை.

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். அது நியாயமானது, அதற்கும் இதே சாலையில்தான் போக வேண்டும். 1851இல் அமெரிக்க அரசு பழங்குடிகளோடு செய்த லாரமி கோட்டை ஒப்பந்தம் அவர்களின் நிலம் எது என்று வரையறுத்தது, பதிலுக்கு வண்டிகள் கடந்து போக வழி கேட்டது. மூன்றே வருடம் தாங்கியது. 1854 ஆகஸ்ட்டில் மார்மன் என்ற மதப்பிரிவைச் சேர்ந்த பயணி ஒருவரின் பசு லகோட்டா பழங்குடி முகாமுக்குள் போய்விட, அங்கிருந்த ஒருவர் அதைக் கொன்றார். தலைவர் கான்கரிங் பேர் ஈடு கொடுக்க முன்வந்தார். கிராட்டன் என்ற இளம் லெப்டினன்ட் அதில் அடங்கவில்லை. 29 வீரர்களோடும் இரண்டு பீரங்கிகளோடும் முகாமுக்கே போனார். வீரர்கள் சுட்டார்கள். தலைவர் குண்டடிபட்டு இறந்தார். கிராட்டனும் அவருடன் போனவர்களும் மாண்டார்கள். அடுத்த வருடம் ராணுவம் பழிவாங்கிய புளூ வாட்டர் ஓடை, நான் தொடங்கச் சொன்ன ஆஷ் ஹாலோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 86 லகோட்டாக்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். கயிறு கட்டி வண்டி இறக்கிய சாமர்த்தியத்தைச் சொல்லும்போதே இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். தனியாகப் பிறகு சொன்னால் ஒட்டாது.

கடைசியாக, ஸ்காட்ஸ் பிளஃப் குன்றில் மிட்செல் கணவாய். அங்கே பழைய தடத்தை ஒட்டி நடக்கலாம். தண்ணீரும் தொப்பியும் வேண்டும். அங்கே விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம். மகனை முன்னால் நடக்க விடுங்கள். ‘ஜீ’, ‘ஹா’ சொல்லும் வேலை அவனுக்கு. எருதாக நடப்பது யார் என்பதை நீங்களும் கணவரும் பேசிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.