அலுவலக நேரத்தில் சங்க வேலை: எதற்குச் சம்பளம், எதற்குக் கூடாது?

கேள்வி இதுதான்: "அரசு ஊழியர் சங்க நிர்வாகிகள் அலுவலக நேரத்தில், சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு சங்க வேலை பார்க்கிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் இது நியாயமா?"

எந்தச் சங்க வேலை என்பதைப் பொறுத்தது. நான் அரசு அலுவலகத்தில் பல வருடம் சங்கப் பொறுப்பில் இருந்தவன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இருந்தாலும் சங்க வேலை என்று சொல்லிக்கொண்டு நடக்கும் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

முதலில் ஒரு விசாரணையைப் பார்க்கலாம். ஒரு கோப்பு காணாமல் போய்விட்டது, எழுத்தர் ஒருவருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். காலை பதினொரு மணிக்கு, அலுவலகத்தின் கூட்ட அறையிலேயே விசாரணை. தனக்கு உதவியாக என்னை உட்கார வைக்கும்படி எழுதிக் கேட்டிருந்தார், அனுமதியும் வந்தது. நான் பெரிதாக வாதாடவில்லை. தபால் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, அந்தக் கோப்பை யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று மட்டும் கேட்டேன். கையெழுத்து வேறொருவருடையது. அதோடு அந்தக் குற்றச்சாட்டு முடிந்தது. அன்று அந்த அறையில் இருந்த விசாரணை அதிகாரிக்குச் சம்பளம் உண்டு. அலுவலகத் தரப்பை எடுத்துச் சொன்னவருக்கு உண்டு. சாட்சி சொல்ல வந்தவருக்கும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பக்கத்தில் உட்காருபவர் மட்டும் விடுப்புப் போட்டுவிட்டு வர வேண்டும் என்றால், அது யாருக்கு வசதி?

சம்பளப் பேச்சுவார்த்தை, இடமாறுதல் குறைகள், பணிமூப்புப் பட்டியல் தகராறு, பணியிடப் பாதுகாப்பு எல்லாம் இதே வகைதான். மேசையின் எதிர்ப்பக்கத்தில் நிர்வாகம் உட்கார்ந்திருக்கிறது. நாளையும் நேரத்தையும் குறிப்பதும் நிர்வாகம்தான். அதைச் சங்கத்தின் சொந்த வேலை என்று சொல்ல முடியாது.

உலக அளவில் சட்டங்களும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போடுகின்றன. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 151ஆம் உடன்படிக்கை 1978ல் வந்தது, பொதுத்துறை ஊழியர்களுக்கென்றே எழுதப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் பிரதிநிதிகள் தங்கள் கடமையைச் செய்ய வேலை நேரத்திலும் வெளியிலும் வசதி செய்து தர வேண்டும் என்கிறது. கூடவே, அதனால் நிர்வாகம் திறம்பட நடப்பது கெடக் கூடாது என்றும் சொல்கிறது. சங்கத்துக்காரர்கள் மேடையில் முதல் பாதியை மட்டும் படிப்பார்கள், அதிகாரிகள் இரண்டாம் பாதியை மட்டும் படிப்பார்கள்.

அமெரிக்காவில் அதே 1978ல் வந்த சிவில் சர்வீஸ் சீர்திருத்தச் சட்டம் இன்னும் வெளிப்படை. பேச்சுவார்த்தைக்குச் சம்பளத்தோடு நேரம் உண்டு. ஆள் சேர்ப்பது, சந்தா வசூலிப்பது, சங்கத் தேர்தல் நடத்துவது போன்ற உள் வேலைகளைப் பணியில் இல்லாத நேரத்தில்தான் செய்ய வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே அங்கீகாரம் பெற்ற சங்கம், சந்தா கட்டாதவருக்காகவும் பாரபட்சமில்லாமல் பேசியாக வேண்டும். எல்லோருக்கும் சேர்த்துச் சுமை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து நேரம். ஆனாலும் சண்டை ஓயவில்லை. வேலை நேரத்தில் கால் பங்குக்கு மேல் யாரும் இதற்குச் செலவிடக் கூடாது என்று 2018ல் அதிபர் ஆணை போட்டார், 2021ல் அடுத்தவர் வந்து அதை ரத்து செய்தார்.

பிரிட்டனில் பேச்சுவார்த்தை போன்ற சங்கக் கடமைக்குச் சம்பளத்தோடு நேரம், மற்ற சங்க நடவடிக்கைகளுக்கு நேரம் தந்தாலும் சம்பளம் தர வேண்டிய கட்டாயமில்லை. 2016ஆம் வருடச் சட்டம் ஒரு படி மேலே போய், பொதுத்துறை நிறுவனங்கள் சங்கப் பிரதிநிதிகள் எத்தனை பேர், அவர்களுடைய நேரத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்பதையெல்லாம் வருடா வருடம் வெளியிட வழி செய்தது. சங்கங்கள் கடுப்பானார்கள். எனக்கு அந்த யோசனையில் தவறு தெரியவில்லை. செய்கிற வேலையைக் காட்டுவதற்கு நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் நிர்வாகிகளுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு என்று, சம்பளம் பிடிக்காத விடுப்பு ஒன்று தருகிறார்கள். எழுத்தில் வாங்குகிற விடுப்பு என்பதால் யார், எந்த நாள் என்பதாவது பதிவாகிறது.

அரசாங்கங்கள் இதற்கெல்லாம் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டன என்று நினைக்காதீர்கள். பல நாடுகளில் அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 1981ல் அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 11,000க்கும் மேற்பட்டோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்திய உச்ச நீதிமன்றமும் 2003ல், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டது. அந்தக் கதவைச் சாத்திய பிறகு மிச்சமிருப்பது பேச்சுவார்த்தை மேசைதான். அந்த மேசைக்கு வர நேரமும் கிடையாது என்றால் மனக்குறை எல்லாம் எங்கே போகும்? மொட்டைக் கடிதமாகவும், வழக்காகவும், வேண்டுமென்றே தேங்குகிற கோப்பாகவும் போகும். அதன் செலவும் வரிப்பணம்தான்.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன், அதிலும் நியாயம் இருக்கிறது. சம்பளம் போட்ட மறுநாள் சந்தா ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் மேசை மேசையாகப் போவார். ஒவ்வொரு மேசையிலும் ரசீதுக்கு ஒரு நிமிடம், கதைக்குப் பத்து நிமிடம். அவருடைய கவுண்டருக்கு முன்னால் விண்ணப்பத்தோடு நிற்பவருக்குக் கிடைக்கும் பதில், "சார் சீட்ல இல்லை, மீட்டிங்." மாநாட்டு வசூல், சங்கத் தேர்தலுக்கு ஓட்டுச் சேகரிப்பு, பிரிவு உபசாரத்துக்கு மேடை போடுவது எல்லாம் இப்படி அலுவலக நேரத்துக்குள் நுழைந்துவிடும். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. உணவு இடைவேளை இருக்கிறது, மாலை இருக்கிறது. வாயிற்கூட்டம் என்ற வழக்கமே வேலை தொடங்கும் முன்போ இடைவேளையிலோ வாசலில் நின்று பேசுவதற்காக வந்ததுதானே.

ஆனால் அந்தக் கவுண்டர் காலியாக இருப்பதில் அலுவலகத் தலைவருக்கும் பங்கு உண்டு. உண்மையான பேச்சுவார்த்தைக்கே ஒருவர் போயிருந்தாலும், அவர் இடத்தில் யார் உட்காருவது என்று முன்கூட்டியே ஆணை போட வேண்டியவர் அவர்தான். பல இடங்களில் போடுவதில்லை. சங்கத் தலைவரைப் பகைத்துக்கொள்வானேன் என்று வாய்மொழியாகத் தலையாட்டிவிட்டு இருந்துவிடுவார்கள். எழுத்தில் அனுமதி கேட்காத நிர்வாகி, எழுத்தில் கொடுக்காத அதிகாரி: இருவருக்கும் இது சௌகரியம். வரிசையில் நிற்பவர் பாடுதான் திண்டாட்டம். என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதைச் சில நிர்வாகிகள் அவமானமாக நினைக்கிறார்கள். நான் அப்படித்தான் போனேன். பின்னால் யாராவது மொட்டைக் கடிதம் போட்டால் அந்தக் காகிதம்தான் நம்மைக் காப்பாற்றும்.

முழுநேரமும் சங்க வேலைக்கே விடுவிக்கப்பட்டு, அரசுச் சம்பளம் வாங்கும் நிர்வாகிகள் பற்றியும் கேட்பீர்கள். பல ஊர்களில் பரவிய ஆயிரக்கணக்கான ஊழியர்கள் உள்ள துறையில் ஓரிருவருக்கு அது தேவைப்படலாம். எனக்கு அதில் இருக்கும் தயக்கம் வரிப்பணத்தைப் பற்றியது மட்டுமில்லை. வருடக்கணக்கில் சீட் பக்கமே போகாதவருக்குப் புது மென்பொருள் வந்தது தெரியாது, ஆள் குறைந்து இரண்டு சீட் வேலையை ஒருவர் பார்ப்பது தெரியாது. எதிர்ப்பக்கத்து அதிகாரிகளோடுதான் பழக்கம் முற்றும். சங்கத்தின் பணத்திலிருந்தே அவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். முடியாவிட்டால், ஒரு தவணைக்குப் பிறகு பழைய சீட்டுக்கே அனுப்பிவிட வேண்டும்.