கணினி கேள்வி – பதில்: பாதியில் திரும்பும் விண்டோஸ்

(கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். விண்டோஸ் கட்டளைகளுக்குக் கமாண்ட் பிராம்ப்ட்டை 'அட்மினிஸ்ட்ரேட்டராக' திறக்க வேண்டும்.)

கொழிஞ்சாம்பாறை வாசகர்: எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி டிஸ்க். விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை, செக்யூர் பூட் இல்லை என்று வருகிறது. பயாஸில் போய் யுஇஎஃப்ஐ என்று மாற்றினேன். இப்போது 'பூட் டிவைஸ் இல்லை' என்கிறது. டிஸ்க் போய்விட்டதா?

டிஸ்க் நலமாகத்தான் இருக்கிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் அமைப்புத் திரை) மறுபடி லெகசி (பழைய பூட் முறை, சில போர்டுகளில் சிஎஸ்எம்) என்று வையுங்கள், பழையபடி திறக்கும். உங்கள் விண்டோஸ் 10 எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்கில் இருக்கிறது. புதிய பூட் முறையான யுஇஎஃப்ஐ-க்கு ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறை வேண்டும். டிஸ்கை மாற்றாமல் பயாஸை மட்டும் மாற்றியதால்தான் இப்படி. முதலில் டிஸ்க், பிறகு பயாஸ்.

ரன் பெட்டியில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்று தட்டி, 'பயாஸ் மோட்' என்ற வரியில் லெகசி என்று இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, அதை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள். பிறகு இந்தக் கட்டளை: எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலவ்ஃபுல்ஓஎஸ். இது சோதனை மட்டுமே, டிஸ்கில் கை வைக்காது. தேறினால் 'வேலிடேட்' இருந்த இடத்தில் 'கன்வர்ட்' என்று போட்டு ஓட்டுங்கள். சில நிமிட வேலை. கோப்புகள் அழியாது, ஆனாலும் நகல் எடுக்காமல் தொடாதீர்கள்.

சோதனையே தேறாது போனால் காரணம் பெரும்பாலும் நம் ஊர்க் கடைகளில் டிஸ்கைப் பிரிக்கும் வழக்கம்தான். சி, டி, இ, எஃப் என்று நான்கு துண்டு போட்டுத் தருவார்கள். எம்பிஆரில் அதற்கு ஒரு 'எக்ஸ்டெண்டெட்' பார்ட்டிஷன் போட்டு, உள்ளே 'லாஜிக்கல்' டிரைவ்கள் வைக்க வேண்டியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மெண்டில் பச்சைக் கட்டத்துக்குள் தெரிவது அதுதான். எக்ஸ்டெண்டெட் இருந்தாலோ, பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் போனாலோ இந்தக் கருவி மறுத்துவிடும். பச்சைக் கட்டத்தில் உள்ளவற்றை வெளி டிஸ்குக்கு நகலெடுத்து, லாஜிக்கல் டிரைவ்களையும் எக்ஸ்டெண்டெடையும் நீக்கி, மாற்றி முடித்தபின் அந்தக் காலி இடத்தில் புதிதாக டிரைவ் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் பயாஸ். சிஎஸ்எம்மை அணைத்து, பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் வர வேண்டும். விண்டோஸ் ஒழுங்காகத் திறப்பதைப் பார்த்தபின் செக்யூர் பூட்டையும் (நம்பகமான பூட் நிரலை மட்டும் அனுமதிப்பது) டிபிஎம்மையும் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) இயக்குங்கள். இன்டெல் போர்டில் டிபிஎம் என்று பெயர் இருக்காது, 'பிடிடி' என்று இருக்கும். ஏஎம்டி போர்டில் 'எஃப்டிபிஎம்'. இதைக் காணாமல்தான் பலர் தனியாக டிபிஎம் சில்லு வாங்கக் கிளம்புகிறார்கள். தேவையே இல்லை.

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்து, அது பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தையது என்றால், சிஎஸ்எம்மை அணைத்ததும் திரை இருண்டு போகலாம். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் வீடியோ முனையில் மானிட்டரைச் செருகுங்கள்.

நகரி வாசகர்: தமிழ், தெலுங்கு இரண்டிலும் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடை. விண்டோஸ் 11 ஏற்றினால் பாதியில் ரீஸ்டார்ட் ஆகி, 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்' என்று பழையதற்கே போய்விடுகிறது. மூன்று முறை ஆயிற்று. 0எக்ஸ்சி1900101 – 0எக்ஸ்20017 என்று வருகிறது.

நான்காம் முறை அப்படியே ஓட்டாதீர்கள், அதே இடத்தில்தான் நிற்கும். முதல் எண் டிரைவர் தகராறைக் குறிப்பது. இரண்டாவது எண்ணில் 0எக்ஸ்-க்கு அடுத்த இலக்கம் எந்தக் கட்டத்தில் நின்றது என்று சொல்லும். 2 என்றால் பழைய விண்டோஸை விட்டு இறங்கி, தற்காலிகச் சிறு விண்டோஸில் ஓடும் கட்டம். 3 என்றால் புதியதன் முதல் பூட், 4 என்றால் இரண்டாவது பூட். கடைசியில் உள்ள 17 பூட் ஆகும்போது விழுந்ததைச் சொல்கிறது. இதுவே 4000டி என்று வந்திருந்தால் பயனர் கணக்கின் கோப்புகளை நகர்த்தும்போது சிக்கல் என்று பொருள், அதற்கு வைத்தியம் வேறு.

உங்கள் கடையில் முதல் சந்தேகம் தெலுங்கு மென்பொருளின் யுஎஸ்பி டாங்கிள் (உரிமத்துக்காகச் செருகும் சிறு கருவி) மீதுதான். டாங்கிளைப் பிடுங்கினால் மட்டும் போதாது, அதன் டிரைவர் உள்ளேயே இருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டி – டிவைஸ் செக்யூரிட்டி – கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெகிரிட்டியை இயக்க முயலுங்கள். ஒத்துவராத டிரைவர்களைப் பட்டியலிட்டுக் காட்டும், பெயர் அங்கேயே கிடைத்துவிடலாம். கன்ட்ரோல் பேனலில் அந்த டிரைவரை நீக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் வியூ – 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' போட்டால் என்றோ கழற்றிய பிரின்டர், ஸ்கேனர், மோடம் எல்லாம் மங்கலாகத் தெரியும். அவற்றையும் துடைத்துவிடலாம்.

வெளி ஆன்டிவைரஸை நிறுத்தி வைப்பது பயன் தராது, முழுதாக நீக்க வேண்டும். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர எல்லா ஒயரையும் கழற்றுங்கள். சி-யில் 20 ஜிபிக்குக் குறையாமல் காலி இருக்கட்டும். பிறகு 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்', அதன்பின் 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் எஸ்எஃப்சி நல்ல கோப்புகளை எடுப்பது டிஸ்ம் சரிசெய்யும் களஞ்சியத்திலிருந்துதான்.

இத்தனைக்குப் பிறகும் விழுந்தால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'செட்டப்டயாக்' கருவியை ஓட்டுங்கள். நிறுவல் பதிவுகளைப் படித்து எந்த விதியில் தோற்றது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரும். டாங்கிளுக்குப் புதிய 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று விற்றவரிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு கணினியை விண்டோஸ் 10-லேயே வைத்திருப்பதுதான் தொழிலுக்கு நல்லது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஆனால் 22எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்.

போடிநாயக்கனூர் வாசகர்: ஏலக்காய்க் கமிஷன் கடை. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங்தான் இன்றும். விண்டோஸ் 10 32-பிட்டில் ஓடுகிறது. 11-க்குப் போனால் ஓடுமா?

ஓடாது. விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே கிடையாது, 64-பிட் விண்டோஸில் டாஸ் காலத்து 16-பிட் நிரல்கள் இயங்கா. தவிர 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு மேலேற்றமும் கிடையாது, சுத்தமாக அழித்துத்தான் போட முடியும். காய் வரத்து இருக்கும் மாதங்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பழைய கணினியின் இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, பில்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய கணினியில் 'விடாஸ்' என்ற நிரலில் அந்தப் பில்லிங்கை ஓட்டிப் பாருங்கள். இதே வகையில் பிரபலமான டாஸ்பாக்ஸ் என்ற நிரல், விளையாட்டுகளுக்காக வந்தது. விடாஸ் அலுவலக நிரல்களுக்கானது, பிரின்ட் எடுக்கவும் வழி வைத்திருக்கிறது. ஃபாக்ஸ்புரோ தரவு வைக்கும் டிபிஎஃப் கோப்புகளை லிப்ரேஆபிஸ் கால்க்கில் திறந்து பார்க்கலாம். நகலைத் திறங்கள், அதில் சேமிக்கவே சேமிக்காதீர்கள்.

களியக்காவிளை வாசகர்: சுத்தமாக அழித்து விண்டோஸ் 11 போட்டோம். பாமினி, மலையாளம் எம்எல் எழுத்துருக்களை மறுபடி நிறுவினோம். வேர்டில் தெரிகின்றன, பேஜ்மேக்கரில் காணோம். லதா எழுத்துருவும் இல்லை.

இரண்டு தனிச் சிக்கல்கள். எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் இப்போதைய விண்டோஸ் அதை உங்கள் பயனர் கணக்குக்குள் மட்டும் வைக்கிறது, பொதுவான ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் வைப்பதில்லை. பேஜ்மேக்கர் போன்ற பழைய நிரல்களுக்கு அந்த இடம் தெரியாது. போட்டவற்றை நீக்கிவிட்டு, கோப்புகள் எல்லாவற்றையும் தேர்ந்து, வலது கிளிக்கில் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள்.

லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10 முதலே கூடுதல் வசதியாகத் தனியே ஒதுக்கப்பட்டுவிட்டன. செட்டிங்ஸ் – சிஸ்டம் – ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்த்தால் வந்துவிடும், இணையம் வேண்டும். அதுவரை நிர்மலா எழுத்துருவில் திறக்கும் பழைய கோப்புகளில் வரிகள் ஓடிப் பக்கம் மாறியிருக்கும். அச்சுக்கு அனுப்புமுன் பாருங்கள்.

மூணாறு வாசகர்: தமிழ்வழிப் பள்ளியில் கைட் (கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பு) தரும் குனூ/லினக்ஸ் 22.04. உபுண்டு 24.04-க்கு மேலேற்றலாமா? வீட்டுக் கணினியில் உபுண்டுவை மேலேற்றும்போது /பூட்டில் இடமில்லை என்று நின்றது.

பள்ளிக் கணினியை விட்டுவிடுங்கள். கைட் 22.04 உபுண்டு 22.04-ன் மேல் கட்டியதுதான், ஆனால் பாடநூலோடு வரும் நிரல்கள் அந்த அடித்தளத்துக்குப் பொருத்தி வைத்தவை. அடித்தளத்தை நீங்களாக மாற்றினால் ஐடி வகுப்பு நாளன்று எது திறக்கும், எது திறக்காது என்று சொல்ல முடியாது. கைட் தானே புதிய பதிப்பு தரும்போது மாற்றுங்கள்.

வீட்டில் நின்றதற்குக் காரணம் /பூட்டில் பழைய கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையக் கரு) குவிந்தது. டெர்மினலில் 'யுநேம் -ஆர்' என்று தட்டி இப்போது ஓடும் கெர்னலின் எண்ணைக் குறித்துக்கொண்டு, 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்' ஓட்டுங்கள். ஓடும் கெர்னலோடு அதற்கு முந்தைய ஒன்றும் மிஞ்சினால் போதும். வெளியிலிருந்து சேர்த்த பிபிஏ-க்களை (கூடுதல் நிரல் களஞ்சியங்கள்) மேலேற்றம் தானே அணைத்துவிடும், முடிந்தபின் 24.04-க்கு உரியதைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் பாதியில் நின்றால் மறுநிறுவலுக்கு ஓடாதீர்கள். கணினி தொடங்கும்போது வரும் குரப் (பூட் தேர்வு) பட்டியலில் ரிகவரி மோடில் நுழைந்து 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ', பிறகு 'ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து எழுந்துவிடும்.

கூடலூர் வாசகர்: விண்டோஸ் 11 ஏற்றும்போது 'சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை' என்கிறது. சி-யில் 90 ஜிபி காலி இருக்கிறதே?

அது கேட்பது சி-யில் இல்லை, 100 எம்பி மட்டுமே உள்ள மறைந்த பார்ட்டிஷனில். அங்கே 15 எம்பி அளவாவது காலி வேண்டும். ஜிபிடி டிஸ்க் என்றால் 'மவுண்ட்வால் ஒய்: /எஸ்' கொடுத்து, ஒய் டிரைவில் இஎஃப்ஐ – மைக்ரோசாஃப்ட் – பூட் – ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புகளை மட்டும் அழியுங்கள். அவை பூட் திரைக்கானவை, போனால் குடிமுழுகாது. பக்கத்து ஃபோல்டர்களில் கை வைத்தால் கணினி திறக்காது.

குடியாத்தம் வாசகர்: விண்டோஸ் 11 பிடிக்கவில்லை. 12 நாளாயிற்று. திரும்பிப் போக முடியுமா?

10 நாள்தான் கெடு, முடியாது. அழித்து நிறுவுவதுதான் வழி. அடுத்தவருக்குச் சொல்லுங்கள்: மேலேற்றிய அன்றே 'டிஸ்ம் /ஆன்லைன் /செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ /வேல்யூ:60' கொடுத்தால் கெடு 60 நாளாக நீளும். அதுவரை டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் கோப்புகளைத் தேர்ந்து நீக்கிவிடாமல் இருக்க வேண்டும்.