கேளுங்கள், இன்று ஷூட்டிங் இல்லை

மேடை, சின்னத்திரை, சினிமா மூன்றிலும் நகைச்சுவை வேடங்களில் நடித்துவரும் நடிகை வாசகர்களுக்கு எழுதும் பதில்கள்

நடிப்பு, குடும்பம் இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
– வாசகி, ஈரோடு

கடிதக் கட்டில் பாதி இதே கேள்விதான். என்னோடு அடிக்கடி சேர்ந்து நடிக்கும் ஆண் நகைச்சுவை நடிகர் ஒருவரிடம் சொன்னேன். "என்னிடம் அடுத்த படம் என்ன என்றுதானே கேட்கிறார்கள்" என்று ஆச்சரியப்பட்டார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். அவர்களும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறவர்கள்தான்.

நான் சமாளிக்கவில்லை அம்மா, எங்கள் வீட்டில் சமாளிக்கிறார்கள். காலை 9 மணி கால்ஷீட் என்றால் அதற்கு வெகு முன்பே மேக்கப் நாற்காலியில் இருக்க வேண்டும். செம்பரம்பாக்கம் பக்கம் படப்பிடிப்பு என்றால் விடியும்போதே கார் வாசலில் நிற்கும். மாலை 6 மணிக்கு முடியும் என்பது பேச்சளவில். சனி, ஞாயிறு மாலைகளில் சபா நாடகம். ஏப்ரல், மே வந்தால் கோடை நாடக விழா. இத்தனைக்கும் நடுவில் என் மகளுக்குத் தலை பின்னியது, டயரியில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தது எல்லாம் என் மாமியார், சமையலுக்கு வரும் அம்மா, வேலை முடிந்து நேரே வீடு திரும்பும் கணவர் ஆகிய மூவர் கைங்கரியம்.

மாமியாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தினசரிக் காலண்டர் அட்டையின் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். சிவப்பு மை அவுட்டோர், நீல மை உள்ளூர், பென்சில் என்றால் தேதி இன்னும் உறுதியாகவில்லை. வீட்டுத் தொலைபேசியில் தயாரிப்பு நிர்வாகி அழைத்தால் அவர்தான் எடுப்பார். "பதினான்காம் தேதியா தம்பி? பென்சிலில் எழுதட்டுமா, பேனாவில் எழுதட்டுமா?" என்பார். இதற்குப் பயந்தே சில நிர்வாகிகள் டைரக்டரிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டுப் பிறகு அழைக்கிறார்கள். திரையுலகில் எனக்கு ஒழுங்கானவள் என்று பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் நியாயமாக அவருக்குப் போக வேண்டியது.

உங்கள் நகைச்சுவைக்கு உங்கள் கணவர் சிரிப்பாரா?
– வாசகர், கும்பகோணம்

டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தால் சிரிப்பார். காசு கொடுத்துவிட்டோமே என்று.

அந்தக் காலத்துச் சிரிப்பு நடிகைகளில், குடும்பத்தையும் தொழிலையும் ஒருசேர நடத்தியவர் என்று யாரைச் சொல்வீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

உங்கள் ஊர்க்காரரைத்தான். திருவரங்கத்து டி.ஏ. மதுரம். 1936இல் 'வசந்தசேனா' படத்துக்காகப் புனா போனபோது என்.எஸ். கிருஷ்ணனைச் சந்தித்து மணந்துகொண்டார் என்பதும், பிறகு இருவரும் ஜோடியாகவே சிரிக்க வைத்தார்கள் என்பதும் உங்கள் தலைமுறைக்குத் தெரியும். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேடம் 1944 கடைசியில் தொடங்கியது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதானார். வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947இல்தான் விடுதலை கிடைத்தது. அதுவரை வழக்குச் செலவும் நடந்தாக வேண்டும், நாடகக் குழுவை நம்பியிருந்த அத்தனை வீடுகளிலும் உலையும் கொதித்தாக வேண்டும். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு மதுரம் குழுவைக் கலையாமல் காப்பாற்றினார். 'பைத்தியக்காரன்' அந்தக் குழுவின் நாடகம். 1947இல் படமாக வந்தபோது மதுரத்துக்கு அதில் இரட்டை வேடம். கணவனை மீட்பதும் கம்பெனியை நடத்துவதும் ஒரே வேலையாகிப்போன பெண்ணிடம் போய் 'இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்' என்று கேட்டிருந்தால், எது இரண்டு என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

எம். சரோஜாவுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம். 'கல்யாண பரிசு' (1959) படத்தில் மன்னார் அண்ட் கம்பெனி பைரவனின் புளுகுகளை நம்பிக்கொண்டிருப்பாரே, அந்த பைரவனாக நடித்த தங்கவேலுதான் வீட்டிலும் கணவர். இருவருக்கும் ஒரே கால்ஷீட், ஒரே கார்.

ஆச்சியின் கதை வேறு. மனோரமாவுக்கு 1964இல் திருமணம். இரண்டு ஆண்டுகளில் பிரிவு. கையில் ஆண் குழந்தை. 'தில்லானா மோகனாம்பாள்' ஜில்ஜில் ரமாமணி 1968இல் வருகிறாள். அந்த முகத்தைப் பாருங்கள், வீட்டில் சிறு பிள்ளையை விட்டு வந்த தாயின் களைப்பு எங்காவது தெரிகிறதா? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவருடைய தாயார் இருந்தார். 1985இல் ஆயிரம் படங்கள் தாண்டியதற்காகக் கின்னஸ் புத்தகத்தில் மனோரமா பெயர் ஏறியது. தாயார் பெயருக்கும் அதே வரியில் இடம் விட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் ஒரு தொடரில் கதாநாயகனின் அத்தையாக, சிரிப்பு வேடத்தில் நடிக்கிறேன். இப்போது நான்கு மாதக் கர்ப்பம். யூனிட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேடம் போய்விடுமோ?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, சென்னை

முதலில் வாழ்த்துகள். அடுத்தது, நாளைக்கே சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக. ஒளித்து வைத்தால், வழுக்கி விழும் காட்சி, மாடிப்படியில் உருளும் காட்சி என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். நம் வேடங்களுக்கு எழுதும்போது கை முதலில் அங்கேதான் போகும். முடியாது என்று செட்டில் நின்று சொல்வதைவிட, எழுதுவதற்கு முன்பே தெரியப்படுத்துவது அவர்களுக்கும் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு; அதற்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். நீங்கள் எண்பதைத் தாராளமாகத் தாண்டியிருப்பீர்கள். ஆனால், நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் நம்மை ஊழியர் என்று ஒப்புக்கொள்ளும் கம்பெனியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒப்பந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். சங்கத்தில் உறுப்பினர் என்றால் அங்கேயும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வேடத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டத்தைவிட விரைவாகக் கைகொடுப்பது போன். கிண்டலில்லை. அத்தை ஊருக்குப் போயிருக்கிறாள், அங்கிருந்து போன் செய்து குடும்பத்தில் கலகம் மூட்டுகிறாள் என்று டைரக்டரிடம் நீங்களே யோசனை சொல்லுங்கள். ஒரு சுவர், ஒரு நாற்காலி, மாற்றிக் கட்டப் பத்துப் புடவை. எதிரில் நடிக்க ஆள் வேண்டாம். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் பல வாரத்துக்கான போன் காட்சிகளை எடுத்துவிடலாம். மார்புக்கு மேலேதான் ஃபிரேம் என்பதால் வயிறும் தெரியாது. எழுத்தாளருக்கும் இது பிடிக்கும். போனில் பேசும் பாத்திரத்துக்கு எந்தக் கதையிலும் வேலை இருக்கும். எந்தப் புடவைக்கு எந்தப் பொட்டு என்று கன்டினியூட்டியை நீங்களும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிரசவ அறையில் இருக்கும்போது உதவி இயக்குநர் அதைக் கேட்டு உங்களை அழைக்கக் கூடாது.

இத்தனை செய்தும் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு நாள் திரையில் போட்டுவிடலாம். போட்டால் போடட்டும். கதாநாயகிக்குத்தான் அது பெரிய இடி. நமக்கு அடுத்த தெருவில் இன்னொரு அத்தை வேடம் காலியாக இருக்கும்.

கோவை சரளாவைப் போல இளம் வயதிலேயே முதிய வேடம் ஏற்பது ஒரு நடிகைக்கு நஷ்டம்தானே?
– கல்லூரி மாணவி, பொள்ளாச்சி

'முந்தானை முடிச்சு' (1983) படத்தில் அவர் கர்ப்பிணியாக வந்தபோது பள்ளி மாணவி. 'சின்ன வீடு' (1985) படத்தில் பாக்யராஜுக்கே அம்மா. பத்து வருடம் கழித்து 'சதி லீலாவதி'யில் கமல்ஹாசனுக்கு ஜோடி. வயது முன்னும் பின்னும் ஓடியதே தவிர வேலை நிற்கவில்லை. கதாநாயகி கல்யாணப் பத்திரிகை அடித்த அன்றே 'இனி நடிப்பாரா' என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். எங்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை. முதல் படத்திலேயே மாமியாராகிவிட்டவளுக்குக் கல்யாணத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? நஷ்டம் இருக்கிறது, சம்பளத்தில். அதைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

நான் பட்டிமன்றப் பேச்சாளர். மாமியார், நாத்தனார் கதைகளைச் சொன்னால் கைதட்டல் அள்ளுகிறது. வீட்டில் இரண்டு வாரமாக யாரும் என்னோடு பேசவில்லை.
– வாசகி, மதுரை

முன்பெல்லாம் சிவகாசியில் சொன்ன கதை சிவகாசியோடு போகும். இப்போது நீங்கள் மேடையை விட்டு இறங்குவதற்குள் அந்தத் துண்டு யூடியூபில் ஏறி, நாத்தனாரின் கைப்பேசிக்கு வந்து, அவர் மாமியார் வீட்டார் வரை போய்விடுகிறது. அவர் கோபத்தை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். அவருக்கு மைக் இல்லையே.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். வீட்டில் நடந்ததை மேடையில் சொல்வதானால், சம்பந்தப்பட்டவர் காதுபடச் சமையலறையில் ஒருமுறை நடித்துக்காட்டுவேன். அவர் சிரித்தால் எடுத்துக்கொள்வேன். 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டால் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. எடுத்துக்கொண்ட கதையிலும் கடைசியில் அசடு வழிபவள் நானாக இருப்பேன். இதில் தர்மம் மட்டுமில்லை, தொழிலும் இருக்கிறது. மேடையில் நிற்பவள் மேடையில் இல்லாதவரை அடித்தால் முன்வரிசை சிரிக்கும். மருமகளோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமியார்கள் சிரிக்க மாட்டார்கள். தானே தடுக்கி விழுந்தால் இரண்டு வரிசையும் சிரிக்கும்.

வீட்டு மௌனத்துக்கு ஒரு யோசனை. அடுத்த பட்டிமன்றத்தில் மருமகளைக் கிழி கிழி என்று கிழியுங்கள். உங்கள் மாமியாரை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

என் மகனுக்கு ஏழு வயது. மிமிக்ரி அருமையாகச் செய்கிறான். டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் தேர்வாகியிருக்கிறான். அனுப்பலாமா?
– வாசகர், திருநெல்வேலி

அவன் கேட்கிறானா, நீங்கள் கேட்கிறீர்களா? கடிதத்தில் 'அவன் ஆசைப்படுகிறான்' என்ற வரியைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் விதிகளிலேயே அது இருக்கிறது: குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது.

அவனே ஆசைப்பட்டால், போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. அந்த விதிகளில் 2017இல் வந்த திருத்தத்தின்படி தயாரிப்பவர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்வோம் சார்" என்றால் அடுத்த பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிடுங்கள்.

வசனத் தாளை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். ஏழு வயதுப் பிள்ளை பொண்டாட்டித் தொல்லையைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வருவது உண்மை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிப் பழகிய பிள்ளை, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் அதையே மறுபடி சொல்வான். அப்போது அடிப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

உங்கள் மகள் இந்தத் துறைக்கு வர விரும்பினால் விடுவீர்களா?
– வாசகி, வேலூர்

அவள் ஆடிட்டராக வேண்டுமாம். எனக்குக் கட்டாயம் ஒரு ஆடிட்டர் தேவை, எனவே சம்மதம். மனம் மாறி இங்கே வந்தால் ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுப்பேன்: பாக்கிச் சம்பளம் கணக்கில் ஏறிய பிறகு டப்பிங் தியேட்டருக்குள் கால் வை. குரல் கொடுத்து முடித்துவிட்டால் நம் போனை யாரும் எடுக்க மாட்டார்கள்.